இரண்டரை வயதுப் பையனுக்கு எடை ஏறவில்லை, குதிக்கவும் வரவில்லை. வீட்டுப் பழக்கம்தான் காரணமா?

நூல்கண்டு (திருப்பூர்):

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு இரண்டரை வயது. எடை 11 கிலோ, உயரம் 87 செ.மீ. இரண்டு வயது முடிய ஒரு மாதம் இருக்கும்போது பார்த்ததில் எடை 10.6, உயரம் 83. ஏழு மாதத்தில் அரைக் கிலோகூட ஏறவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.4. டாக்டர் இரும்புச்சத்து சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்டுப் பழக்கத்தை மாத்துங்க, மருந்து மட்டும் போதாது" என்றார். அன்றைக்குக் கூட்டம் அதிகம், விவரமாகக் கேட்க முடியவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எங்கள் வீட்டு நிலவரம் இது. வீட்டுக்காரருக்கு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை, ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் விடுவார்கள், வீடு வந்து சேர ஒன்பது ஆகிவிடும். நான் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன், ஆறு ஆறரைக்கு வந்துவிடுவேன். பகல் முழுக்க மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு முட்டி வலி, பின்னாலேயே ஓட முடியாது. லைன் வீடு, வாசலைத் தாண்டினால் ரோடு, டெம்போவும் பைக்கும் போய்க்கொண்டே இருக்கும். அதனால் பையன் பெரும்பாலும் கட்டில்மேல்தான், கையில் போன்.

அவனுடைய அப்பா வந்த பிறகுதான் அவனுக்குப் பொழுதே விடியும். பத்து பத்தரை வரைக்கும் ஆட்டம், அப்புறம் டிவி. தூங்க பன்னிரண்டு ஆகிவிடும். காலையில் எட்டரை ஒன்பதுக்கு எழுந்ததும் ஒரு பாட்டில் பால். இட்லி கொடுத்தால் வாயில் அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பான், போனைக் காட்டினால்தான் விழுங்குவான். ஒரு நாளைக்கு நாலு பாட்டில் பால், ஒவ்வொன்றும் 200 மில்லி, மால்ட் பவுடரும் சர்க்கரையும் போட்டு. கடைசி பாட்டில் படுக்கையில் குடித்தபடியே தூங்குவான். இடையில் பிஸ்கட், ரஸ்க். பகலில் ஒன்றரை மணி நேரத் தூக்கம்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்கத் தெரியவில்லை, பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை இவனைவிட இரண்டு மாதம் சின்னவள், அவள் படியிலிருந்து குதிக்கிறாள். இரண்டு, சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொள்கிறான். அடித்தாலும் விடுவதில்லை.

வீட்டில் எல்லாரும் "வளர்ற பிள்ளை, தானா சரியாகும், நீங்க ரெண்டு பேரும் என்ன ஆறடியா" என்கிறார்கள். நான் 152, அவர் 168. இது வாகா, இல்லை எங்கள் பழக்கமா? எதை முதலில் மாற்றுவது?

கொங்குச்செவிலி:

அம்மா, நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன், தினமும் குழந்தைகளுக்கு எடை போடுகிறவள். உங்கள் கணக்கை முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம், உயரமும் எடையும் இங்கே வேறு வேறு கதை சொல்கின்றன.

உயரம் ஏழு மாதத்தில் 4 செ.மீ. கூடியிருக்கிறது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு வயது வரைக்கும் படுக்க வைத்து அளப்போம், அதற்குப் பிறகு நிற்க வைத்து. நிற்க வைத்தால் ஏறக்குறைய 0.7 செ.மீ. குறைவாகத்தான் காட்டும். அதையும் சேர்த்தால் நன்றாகவே வளர்ந்திருக்கிறான். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டரை வயதுப் பையனுக்கு நடுக்கோடு (பாதிப் பிள்ளைகள் அதற்கு மேல், பாதி கீழ்) சுமார் 92 செ.மீ., கீழ் எல்லை 85. (அந்த அட்டவணை போட அளந்த ஆறு நாடுகளில் நம் நாடும் ஒன்று, டெல்லிக் குழந்தைகளை அளந்தார்கள். அதனால் 'அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.) உங்கள் இருவர் உயரத்தையும் கூட்டி, பையன் என்பதால் 13 சேர்த்து இரண்டால் வகுத்தால் 166 சொச்சம் வருகிறது. பெரியவனானால் அதை ஒட்டி முன்னே பின்னே வருவான். ஆகவே உயரத்துக்கு வாகு என்று சொல்லலாம், சரி.

எடைக்கு அந்தச் சமாதானம் செல்லாது. இரண்டு வயதுக்கு மேல் வருஷத்துக்கு சுமார் 2 கிலோ ஏற வேண்டும், ஏழு மாதத்தில் ஒரு கிலோவாவது. அவனுக்கு ஏறியது 400 கிராம். எடையின் கீழ் எல்லை 10.5 கிலோ, அதற்கு மேல்தான் இருக்கிறான் என்றாலும் அட்டவணையில் அவனுடைய எடைக் கோடு ஏறாமல் படுத்துவிட்டது. ஒரு நாள் எடையைப் பார்த்து நாங்கள் பயப்படுவதில்லை, கோடு எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்ப்போம்.

அடுத்து ரத்தம். இந்த வயதுக்கு 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. 9.4 என்றால் நடுத்தர அளவு ரத்தசோகை. உங்கள் வீட்டில் மட்டும் என்று நினைக்காதீர்கள், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நாடு முழுக்க 67 சதவீதம், தமிழ்நாட்டில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. சுண்ணாம்பு தின்பதும் இதில் சேர்ந்ததுதான். இரும்புச்சத்து குறைந்த குழந்தை மண், சுண்ணாம்பு, சாக்பீஸ் என்று தேடும். தயவுசெய்து அடிக்காதீர்கள், ரத்தம் ஏறினால் பெரும்பாலும் தானாக விட்டுவிடும். அதற்குள் சுவரைப் பூசிவிடுங்கள், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். டாக்டரிடமும் இதைச் சொல்லுங்கள். பூச்சி மாத்திரை கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்றும் பாருங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய காரணம் அந்த நாலு பாட்டில். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது, அவனுக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் வேண்டும். போதாததற்கு மற்ற சாப்பாட்டில் உள்ள இரும்பையும் பால் உறிஞ்ச விடாது. 800 மில்லி பாலும் சர்க்கரையும் மால்ட்டும் சேர்ந்தால் அவனுடைய ஒரு நாள் கலோரியில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. பிறகு எப்படிப் பசிக்கும்? பசியே இல்லாத பிள்ளைக்கு இட்லி ஊட்ட வேண்டியிருப்பதால்தான் போன் வருகிறது. போன் இருப்பதால் கட்டிலைவிட்டு இறங்குவதில்லை. உடம்பு அலுக்காததால் ராத்திரி தூக்கம் வருவதில்லை, லேட்டாக எழுகிறான், எழுந்ததும் மறுபடி பாட்டில். எல்லாம் ஒரே சங்கிலி. பாலை 400 மில்லிக்குக் கொண்டுவாருங்கள், 500-ஐத் தாண்ட வேண்டாம், டம்ளரில் கொடுங்கள். படுக்கையில் குடிக்கும் பாட்டிலை முதலில் நிறுத்துங்கள், அது பல்லையும் சொத்தையாக்கும்.

வாசமல்லி60:

கண்ணு, நான் நாலு பிள்ளைகளை வளர்த்தவள், பேரன் பேத்தியும் பார்த்துவிட்டேன். சாப்பிடாத பிள்ளைக்குப் பாலையும் குறைத்தால் வயிறு காய்ந்து போகாதா? உன் மாமியார் பயந்துதான் கொடுக்கிறார், அவரைக் குறை சொல்லி வீட்டில் சண்டை வரக்கூடாது. எங்கள் வீட்டில் பசும்பால் குடித்துத்தான் எல்லாரும் திடமாக வளர்ந்தார்கள்.

கொங்குச்செவிலி:

அம்மா, நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஒரே நாளில் நிறுத்தினால் குழந்தையும் தவிக்கும், பாட்டியும் தவிப்பார். மூன்று நாலு நாளைக்கு ஒரு தடவை ஒரு பாட்டிலைக் குறைத்துக்கொண்டே வந்தால் போதும். ஆனால் அன்றைக்கு உங்கள் பிள்ளைகள் குடித்த பாலும் இதுவும் ஒன்றல்ல. அவர்கள் சோறு தின்று, தெருவில் ஆடி, அதற்கு மேல் ஒரு டம்ளர் பால் குடித்தார்கள். இந்தப் பையனுக்குப் பாலே சாப்பாடாகிவிட்டது.

பாட்டிலுக்குப் பதில் என்ன என்று கேட்பீர்கள். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவைக் கஞ்சியாகக் காய்ச்சாமல் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு உருண்டை பிடியுங்கள், சின்ன வயிற்றுக்கு அதுதான் தாங்கும். முட்டை தினம் ஒன்று. அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்றால் வாரம் ஒரு முறை கோழி ஈரல் கொஞ்சம், வேக வைத்துச் சோற்றில் பிசைந்து. முருங்கைக்கீரையோ பருப்போ கொடுக்கும்போது இரண்டு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள், இல்லை சாப்பிட்டதும் ஒரு துண்டு கொய்யா. கீரையில் உள்ள இரும்பு உடம்பில் சேர வைட்டமின் சி உதவும். டீத்தண்ணீரில் ரஸ்க் தொட்டுக் கொடுக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், டீ இரும்பைத் தடுக்கும்.

தத்தக்காபித்தக்கா (குழந்தைகள் பிசியோதெரபி):

குதிப்பது பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதைச் செவிலியர் அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

இரண்டரை வயதில் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு காலும் தரையைவிட்டுக் கிளம்பும்படி குதித்துவிடுவார்கள். உங்கள் பையன் குதிக்காததற்கு இரண்டு விதக் காரணம் இருக்கலாம். ஒன்று, வாய்ப்பே கிடைக்கவில்லை. கட்டில்மேல் உட்கார்ந்திருக்கும் காலுக்குக் குதிக்க எங்கிருந்து பழக்கம் வரும், ரத்தமும் குறைவு என்றால் சீக்கிரம் களைத்தும் போவான். இரண்டாவது, தசையில் ஏதாவது பலவீனம். இதை நீங்களே வீட்டில் ஒரு முறை கவனியுங்கள்: தரையில் சம்மணம் போட்டு உட்கார வைத்து, கை கொடுக்காமல் கூப்பிடுங்கள். சட்டென்று எழுந்து வந்தால் நல்லது. குப்புறத் திரும்பி, கையை ஊன்றி, அப்புறம் தன் முட்டியையும் தொடையையும் பிடித்துப் பிடித்து ஏறி எழுந்தால், அல்லது எப்போதும் நுனிக்காலிலேயே நடந்தால், கெண்டைக்கால் மட்டும் தடித்துத் தெரிந்தால், தாமதிக்காமல் குழந்தைகள் நல டாக்டரிடம் காட்டுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆண் குழந்தைகளில் இது தவறவிடக்கூடாத விஷயம்.

வாய்ப்புதான் காரணம் என்றால் மாற்றுவது சுலபம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு, ஒன்றிலிருந்து நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 180 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டும். மூன்று மணி நேரம் என்றதும் மலைக்காதீர்கள், ஒரே மூச்சில் இல்லை, நடப்பது, ஏறுவது, தூக்குவது, குனிவது எல்லாம் சேர்த்துத்தான். வண்டியிலோ நாற்காலியிலோ இடுப்பிலோ ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போடக் கூடாது. இரண்டு வயதில் திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது.

மாமியாரால் ஓட முடியாது என்றால் ஓடாமலே செய்ய வழி இருக்கிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளட்டும், பையன் துவைத்த துணியை ஒவ்வொன்றாகக் கூடையிலிருந்து எடுத்துக் கொண்டுவந்து கொடுக்கட்டும், வெங்காயத்தைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடட்டும், சின்னச் சொம்பில் தண்ணீர் மொண்டு துளசிக்கு ஊற்றட்டும். தண்ணீர்ச் சொம்பு ரொம்ப நல்ல பயிற்சி, சிந்தாமல் தூக்கி நடக்க இடுப்பு, முதுகு, கால் எல்லாம் வேலை செய்யும். பக்கெட்டில் தண்ணீர் இருக்கும்போது மட்டும் பெரியவர் கண் விலகக் கூடாது. சாயங்காலம் நீங்கள் வந்ததும் வாசல்படியின் கடைசிப் படியில் நிற்க வைத்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "ஒன்னு, ரெண்டு, தொம்!" என்று இறக்குங்கள். முதலில் ஒரு கால் முன்னால் வைத்துத்தான் இறங்குவான். போகப் போக இரண்டு காலும் சேரும். வெறுங்காலோடு செய்யட்டும்.

இன்னொன்று, பலர் கேட்பதால் சொல்கிறேன். வாக்கர் வாங்கினால் சீக்கிரம் நடக்கும் என்பது உண்மையில்லை. அதில் குழந்தை நுனிக்காலால் தள்ளிப் பழகுமே தவிர நிலை பிடிக்கப் பழகாது, படியில் உருண்ட பிள்ளைகளும் அதிகம். கனடாவில் 2004-லேயே விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

ஒன்றரைஷிப்ட்அப்பா:

நானும் அதே ஒன்றரை ஷிப்ட்தான். இதில் அப்பா பக்கத்தை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். எட்டரை மணிக்குப் பிள்ளையைத் தூங்க வை என்று சொல்வது எளிது, ஆனால் அப்புறம் நான் என் பிள்ளையை எப்போது பார்ப்பது? நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வருகிறவனுக்கு அது ஒன்றுதான் ஆறுதல். அதனால் "ராத்திரி விளையாடாதே" என்று மட்டும் உங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னால் எடுபடாது, வேறு ஒரு நேரத்தை அவருக்குக் கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அதைக் காலைக்கு மாற்றினோம். முதலில் எழுப்பும் நேரத்தைத்தான் பிடித்தோம், தூங்கும் நேரத்தை இல்லை. ராத்திரி எப்போது தூங்கினாலும் சரி, ஆறரைக்கு எழுப்பிவிட்டோம். ஒரு வாரம் சிணுங்கலும் அழுகையுமாக இருந்தது, பிறகு தானாக ராத்திரி ஒன்பதரைக்குக் கண் சொக்க ஆரம்பித்தது. இப்போது காலையில் ஒரு மணி நேரம் அவன் என்னோடுதான். அந்த நேரத்தில் ரோட்டில் வண்டி குறைவு, டீக்கடை வரைக்கும் நடந்து போய் வருவோம், வழியில் இருக்கிற கல்லையெல்லாம் ஏறி இறங்கிவிட்டுத்தான் வருவான். வீட்டுக்கு வந்தால் பசி, பாட்டிலைக் கேட்பதில்லை.

ஒரே அறை என்றால் விளக்கும் டிவியும் எரியும்போது எந்தப் பிள்ளை தூங்கும்? ஒன்பதுக்கு மேல் டிவி இல்லை, ஜீரோ வாட் பல்பு மட்டும். நான் வந்ததும் சமையல்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொள்கிறேன். அப்புறம் சனிக்கிழமை சம்பளம் வாங்கி வரும்போது கையில் ஒரு பை முறுக்குப் பாக்கெட், சிப்ஸ், கேக் என்று வாங்கி வருவோமே, ஞாயிறு முழுக்கப் பிள்ளை அதைத்தான் தின்னும். அந்தக் காசுக்கு முட்டை, வாழைப்பழம், வறுத்த வேர்க்கடலை என்று மாற்றிக்கொண்டேன். கடலையைச் சின்னப் பிள்ளைக்கு முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். பொடித்து வெல்லத்தோடு கொடுக்கலாம்.

தத்தக்காபித்தக்கா:

இவர் சொன்ன வழி நல்ல வழி. கூடவே ஒரு சின்னத் திருத்தம். ராத்திரி பன்னிரண்டுக்கு முன்னால் தூங்கினால்தான் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது கடிகாரம் பார்த்துச் சுரப்பதில்லை, ஆழ்ந்த தூக்கத்தில் சுரக்கிறது. பிரச்சினை மொத்தத் தூக்கம் குறைவதும் நாளுக்கு நாள் நேரம் மாறுவதும்தான். இந்த வயதுக்கு பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 மணி நேரமாவது வேண்டும், நூல்கண்டு சொன்ன கணக்கில் பத்துதான் வருகிறது.

காலை வெளியில் போவது கண்ணுக்கும் நல்லது. தைவானில் 2010-லிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் விட ஆரம்பித்தார்கள், கிட்டப்பார்வையைக் குறைக்க. நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, பிள்ளைகளை வெளியில் விடத்தான் ஆளில்லை.

நூல்கண்டு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று தரையில் உட்கார வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தேன், ஒரு கையை மட்டும் தரையில் ஊன்றிச் சட்டென்று எழுந்து ஓடி வந்தான், தொடையைப் பிடிக்கவில்லை. அதுவே பாதி நிம்மதி. மாமியாரிடம் பாலைக் குறைக்கச் சொன்னதற்கு முகம் வாடியது. டாக்டர் சொன்னதாகச் சொல்லி, சத்துமாவு உருண்டை பிடிக்கும் வேலையை அவரிடமே விட்டுவிட்டேன், ஏலக்காய் போட்டுப் பிடிக்கிறார்.

இரண்டு கேள்வி பாக்கி. சொட்டு மருந்தை மாமியார் காலைப் பாலில் கலந்து கொடுக்கிறார், அது சரியா? மலம் கறுப்பாகப் போகிறது, நிறுத்தலாமா? அப்புறம், பகலில் பையனை எங்கே விடுவது, மாமியாரால் முழு நாளும் முடியவில்லை.

கொங்குச்செவிலி:

பாலில் கலக்கவே கூடாது, மருந்து பாதி வீணாகிவிடும். பால் குடிப்பதற்கும் மருந்துக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். எலுமிச்சைச் சாற்றிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ கொடுக்கலாம். நாக்கின் பின்பக்கமாக விட்டு, உடனே தண்ணீர் குடிக்க வையுங்கள், இல்லையென்றால் பல்லில் கறை படியும். மலம் கறுப்பது மருந்தால்தான், நிறுத்த வேண்டாம். மலச்சிக்கலோ வாந்தியோ இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றித் தருவார். ஒரு மாதத்தில் மறுபடி ரத்தம் பார்ப்பார்கள், ஏறியதும் நிறுத்திவிடாதீர்கள், உடம்பில் இருப்பு சேர டாக்டர் சொல்லும் வரைக்கும் தொடர வேண்டும். மருந்துப் பாட்டிலைப் பையன் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், இரும்பு மருந்து அளவுக்கு மீறினால் ஆபத்து.

பகலுக்கு அங்கன்வாடியில் சேருங்கள், இரண்டு வயது முடிந்தால் எடுத்துக்கொள்வார்கள். மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்தால் இவனும் தன் கையால் சாப்பிடுவான், மதியம் சூடாகச் சாப்பாடு, முட்டையும் உண்டு, ஆட இடமும் இருக்கும். மாதா மாதம் எடையும் போடுவார்கள், அட்டையில் குறித்துக்கொண்டு வாருங்கள். மதியத்துக்கு மேல் பாட்டியோடு இருக்கட்டும். போகும்போது ஆதாரும் தடுப்பூசி அட்டையும் எடுத்துப் போங்கள், கேட்பார்கள்.